ஒத்து ஊதியவரும் உள்ளங்கைக் கணினியும்

இசைக் கச்சேரி என்றவுடன் பாடுபவர் நம் நினைவுக்கு வருகிறார். அவரை அடுத்து வயலின்காரரும் மிருதங்கக்காரரும் வருகின்றனர். இவர்கள் எல்லாருக்கும் பின்னால் அமர்ந்து சுருதி கூட்டுபவரை நினைப்பார் இல்லை. அழைப்பிதழில் அவர் பெயர் இடம்பெறுவது அரிது. சுருதியைத் தாய் என்றும் லயத்தைத் தந்தை என்றும் சொல்லி வைத்த நமது மரபில், அந்தத் தாய்க்குப் பணி செய்தவர் பெயரற்றவராகவே இருந்து வந்திருக்கிறார். இன்று அவர் இருந்த இடத்தில் ஒரு கைத்தொலைபேசி இருக்கிறது. அந்த இடம் எவ்வாறு கைமாறியது, அதனால் நாம் பெற்றது என்ன, இழந்தது என்ன என்பதே இவ்வாரம் நாம் சிந்திக்கும் பொருள்.

தீவகத்திலிருந்தே தொடங்கலாம். நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயில் மகோற்சவம் ஆனி மாதத்தில் நடைபெறுவது. குறிகட்டுவான் இறங்குதுறையில் வள்ளத்துக்குக் காத்து நிற்கும் சனத்தின் காதில், காற்று வாய்ப்பாக வீசினால், அக்கரை மேளம் கேட்கும். அந்நாளைய யாழ்ப்பாணத்துத் திருவிழாக்களில் அடியார்கள் அம்மனுக்காக வந்த அளவுக்கு மேளத்துக்காகவும் வந்தார்கள் என்றால் அது மிகையன்று. தவில் மேதை தட்சிணாமூர்த்தியும் (1933–1975) நாதஸ்வர வித்துவான் அளவெட்டி என். கே. பத்மநாதனும் வாழ்ந்த மண் இது. தட்சிணாமூர்த்தியின் தவிலைத் தமிழகத்தின் பெரும் நாதஸ்வர வித்துவான்களும் விரும்பி அழைத்துக் கேட்டனர். இவர்களைப் பற்றி எழுத நம்மிடம் ஆட்கள் உண்டு. ஆனால் அவர்களுக்குப் பின்னால் நின்று ஒத்து ஊதியவர்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதியவரைக் காண்பது கடினம்.

ஒத்து என்பது நாதஸ்வரத்தின் உடன்பிறப்பு. தோற்றத்தில் நாயனம் போன்றே இருக்கும். ஆயின் அதில் இராகம் வாசிக்க முடியாது. விரல் வைத்து வாசிப்பதற்கான துளைகள் அதில் இல்லை. கீழ்ப்புறத்தில் உள்ள சில துளைகளை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதியைச் சரிசெய்து கொள்வார்கள். அதன் பின்னர் ஒரே ஒலி, முடிவில்லாத ஒலி. ஊதுபவர் மூக்கால் மூச்சை இழுத்தபடியே கன்னத்தில் தேக்கிய காற்றை வாயால் வெளிவிட வேண்டும். மூச்சு மாறும் இடம் கேட்பவருக்குத் தெரியக்கூடாது. சுவாமி வீதி சுற்றி வரும் நேரம் முழுவதும் இது நடைபெற வேண்டும்.

இந்த வேலைக்குப் பெரும்பாலும் அமர்த்தப்பட்டவர் யார்? குடும்பத்தில் இளைய பையன், அல்லது வித்துவானிடம் அடைக்கலமாக வந்த மாணவன். தாளம் போடுவதும் ஒத்து ஊதுவதும் மேளக்கலையின் அரிச்சுவடி. சம்பளத்தில் அவனுக்குக் கடைசிப் பங்கு. சாப்பாட்டுப் பந்தியிலும் பெரும்பாலும் அதுவே. ஆனால் இரவு இரவாக, வித்துவானுக்கு ஒரு முழம் தள்ளி நின்று, தோடியையும் காம்போதியையும் கேட்டுக்கொண்டே இருக்கும் வாய்ப்பு அவனுக்குக் கிடைத்தது. எந்தச் சங்கதி எங்கிருந்து புறப்பட்டு எங்கே வந்து நிற்கிறது என்பதை, தான் பிடித்திருக்கும் ஆதார ஒலியோடு ஒட்டிப் பார்த்துப் பார்த்து அவன் காது பழுத்தது. ஒத்துக்காரரின் இடம் மேளக்கச்சேரியின் வகுப்பறை என்று நான் சொல்வது இதனால்தான்.

அந்த வகுப்பறையின் கதவு கைத்தொலைபேசி வந்த பின்னர்தான் மூடப்பட்டது என்று எண்ணுவது சரித்திரத்துக்குப் பொருந்தாது. முதலில் வந்தது சுருதிப்பெட்டி. 1842 இல் பாரிஸ் நகரில் அலெக்சாந்தர் டெபேன் என்பவர் ஹார்மோனியத்துக்குக் காப்புரிமை பெற்றார். காலால் மிதித்து வாசிக்கும் அந்த வாத்தியம் இந்தியாவுக்கு வந்து, கல்கத்தாவில் கையால் துருத்தி அழுத்தும் சிறு பெட்டியாக உருமாறியது. அதன் கட்டைகளை நீக்கிவிட்டு ஆதார சுருதியை மட்டும் வைத்துக்கொண்டதே நமது துருத்திச் சுருதிப்பெட்டி. ஹார்மோனியத்தின் சுரங்கள் நமது இசைக்கு ஒவ்வாதவை என்று கருதி அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதனை விலக்கி வைத்திருந்தது. நம் நாட்டிலோ இசைநாடக மேடையில் அது ஆட்சி செலுத்தியது. நடிகமணி வி. வி. வைரமுத்துவின் மயான காண்டத்தை ஹார்மோனியம் இல்லாமல் எண்ணிப் பார்க்க முடியுமா?

அடுத்த திருப்பம் 1979 இல் வந்தது. பெங்களூரைச் சேர்ந்த பொறியியலாளரும் புல்லாங்குழல் கலைஞருமான ஜி. ராஜ் நாராயண் மின்னணுத் தம்புரா ஒன்றை உருவாக்கிச் சென்னை மியூசிக் அக்கடமியில் காட்சிக்கு வைத்தார். தம்புராவின் நாலு தந்திகளும் ஒன்றன்பின் ஒன்றாக மீட்டப்படும் ஒலியை மின்சுற்று எழுப்பியது. காலப்போக்கில் அது சிறு பெட்டியாகி, மின்கலத்திலும் இயங்கியது. பெட்டியின் குமிழைத் திருப்பினால் ஒரு கட்டை, இரண்டு கட்டை, ஐந்து கட்டை என்று வேண்டிய சுருதி வந்தது. அதற்குக் களைப்பு இல்லை, சம்பளமும் இல்லை. துருத்தி போட ஆள் தேட வேண்டியதில்லை.

யாழ்ப்பாணத்தில் இந்த வரலாறு ஒரு வித்தியாசமான வளைவு வளைந்தது. 1990 இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. தீவக மக்கள் 1990, 1991 ஆம் ஆண்டுகளில் பெருமளவில் இடம்பெயர்ந்தனர். பொருளாதாரத் தடையின் கீழ் வடக்குக்குக் கொண்டுவரக்கூடாதெனத் தடுக்கப்பட்ட பொருள்களில் மின்கலமும் ஒன்று. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை எங்களுடையது. அப்படியிருக்க மின்னணுத் தம்புராவுக்கு எங்கே போவது? உலகம் மின்சாரச் சுருதிக்கு மாறிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில் இங்கே துருத்திப் பெட்டியும் மனித மூச்சும் மேலும் சில காலம் பணி செய்தன. வறுமையும் தடையும் ஒரு மரபின் ஆயுளை நீட்டிய விசித்திரம் இது. இதைப் பெருமையாகச் சொல்ல நான் முன்வரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

நாங்கள் டைனமோ சுற்றிய அதே பத்தாண்டில் வெளியுலகில் உள்ளங்கைக் கணினி பிறந்தது. 1996 இல் அமெரிக்காவில் பாம் பைலற் விற்பனைக்கு வந்தது. சட்டைப்பையில் அடங்கும் அந்தக் கருவியின் முதல் வகையில் நினைவகம் 128 கிலோபைற் மட்டுமே. முகவரியும் நாட்குறிப்பும் எழுதி வைக்கச் செய்யப்பட்டது அது. மனிதன் கையில் எதைக் கொடுத்தாலும் அதைத் தட்டி ஓசை எழுப்பிப் பார்ப்பான் அல்லவா? 1998 இல் ஜெர்மனியில் ஒலிவர் விட்சோ என்பவர், சிறுவர் விளையாடும் கேம் போய் கருவியை இசைக்கருவி ஆக்கும் நானோலூப் என்ற மென்பொருளை எழுதினார். 2000 இல் சுவீடனைச் சேர்ந்த யோகான் கொட்லின்ஸ்கி அதே கருவிக்கு இன்னொன்றை எழுதினார். 2000களின் முற்பகுதியில் பிரான்சைச் சேர்ந்த எமிலி ஜிலே, பாம் கணினிகளுக்கென்று பாஜிஸ் லூப்ஸ் என்ற மென்பொருளை ஆக்கினார். பெயரைக் கேட்டால் நம்மவருக்குப் பஜ்ஜி நினைவு வரும். ஆனால் அது விளையாட்டுப் பண்டம் அன்று. ஒலித்துணுக்குகளை அடுக்கி, தாளக்கட்டில் கோத்து, முழுப்பாட்டு ஒன்றையே உள்ளங்கையில் அமைக்க அது வழி செய்தது. ஒரு காலத்தில் பெரிய ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் மட்டும் நடந்த வேலையை ரயிலில் இருந்தபடி செய்தவர்கள் அன்றே இருந்தார்கள்.

2007 இல் ஐபோன் வந்தது. 2008 யூலையில் அதற்கான செயலிக் கடை திறந்தது. அதே ஆண்டில் ஸ்மூல் நிறுவனம் ஒக்கரினா என்ற செயலியை வெளியிட்டது. தொலைபேசியின் ஒலிவாங்கியில் வாயால் ஊதி, திரையில் விரல் வைத்து வாசிக்கும் குழல் அது. மனித மூச்சைத் தேடிக் கணினி மீண்டும் வந்தது போன்ற காட்சி! 2010 இல் ஐபாட் வந்தது. கொரில்லாஸ் என்ற ஆங்கில இசைக்குழு பயணத்தின்போது பெரும்பாலும் அதிலேயே ஓர் இசைத்தொகுப்பை ஆக்கியது. 2011 இல் அப்பிள் நிறுவனத்தின் கராஜ்பாண்ட் ஐபாடுக்கு வந்தது. இந்திய இசைக்கென்று தம்புராவும் தபேலாவும் சேர்ந்த ஐதபேலா போன்ற செயலிகளும் பரவின.

நமது பக்கத்தில் 2002 போர்நிறுத்தத்தின் பின்னரே கைத்தொலைபேசி பரவலானது. இசைச் செயலிகளுள் நமது வீடுகளுக்குள் முதலில் நுழைந்தது சுருதிச் செயலி. இதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. திரையைத் தட்டிய பின் ஒலி வெளிவர எடுக்கும் நேரம் ஏறத்தாழ நூறில் ஒரு விநாடிக்குள் இருந்தால் மட்டுமே வாசிப்பவருக்கு அது தன் கைக்குக் கட்டுப்பட்ட வாத்தியமாகத் தோன்றும். பழைய, மலிவான அன்ட்ரொயிட் தொலைபேசிகளில் அந்தத் தாமதம் பத்தில் ஒரு விநாடியையும் தாண்டியது. விரல் ஓரிடம், தாளம் வேறிடம். மிருதங்கச் சொல்லை அதில் தட்டியவனுக்குச் சினமே மிஞ்சியது. சுருதிக்கோ தாமதம் ஒரு பொருட்டே அன்று. தொடங்கிவிட்டால் அது ஒலித்துக்கொண்டே இருக்கும். ஆகவே கணினியால் குறையின்றிச் செய்யக்கூடிய முதல் வேலை ஒத்துக்காரரின் வேலையாக அமைந்துவிட்டது.

அதே தாமதம் வேறோர் இடத்திலும் தலைகாட்டியது. புங்குடுதீவிலும் வேலணையிலும் வேரோடியவர்களின் பேரப்பிள்ளைகள் ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் பாரிசிலும் இணையவழி சங்கீதம் படிக்கிறார்கள். ஆசிரியை இங்கே தம்புராவை ஒலிக்கவிட்டால் அங்கே அது பிந்திச் சேரும். இருவர் சேர்ந்து பாடுவது இயலாது. ஆசிரியையிடம் ஒரு சுருதிச் செயலி, பிள்ளையிடம் ஒரு சுருதிச் செயலி என்று இருவரும் ஒரே கட்டையில் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பாடுவதே வழியாயிற்று. கடல் கடந்த ஒரே சபையில் இரண்டு தம்புரா!

தீவகத்துப் பிள்ளைக்கு இதனால் விளைந்த நன்மையைக் குறைத்துச் சொல்லக்கூடாது. நெடுந்தீவில் ஒரு மாணவி வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். தம்புரா வாங்க வசதியில்லை. வாங்கினாலும் கடற்காற்றில் தந்தி துருப்பிடிக்கும். ஆசிரியை வள்ளம் ஏறி வரவேண்டும். கடல் கொந்தளித்தால் அன்று வகுப்பில்லை. நெடுந்தீவும் நயினாதீவும் அனலைதீவும் தேசிய மின்வலையமைப்புடன் இணையாத தீவுகள். டீசல் இயந்திரத்தை நம்பி இருந்தவை. காற்றும் வெயிலும் கலந்த மின்திட்டம் ஒன்றுக்கு 2024 மார்ச்சில் இந்திய உதவியுடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. இத்தகைய ஊரில் ஒரு முறை மின்னேற்றினால் மணிக்கணக்காகச் சுருதி தரும் கருவி பெரும் வரம் அல்லவா?

இனி வரத்தின் மறுபக்கத்தைப் பார்ப்போம். கணினி தரும் சுரம் யாருடைய சுரம்? பியானோவில் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு கட்டைச் சுருதியில் ஷட்ஜத்தின் அதிர்வு விநாடிக்கு ஏறத்தாழ 261.6. அதனுடன் 5:4 என்ற இயற்கை விகிதத்தில் நிற்கும் அந்தர காந்தாரம் 327.0. சமபங்குக் கட்டையில் வரும் காந்தாரமோ 329.6. இரண்டையும் சேர்த்து ஒலித்தால் விநாடிக்கு இரண்டு மூன்று தடவை அலை மோதுவது போன்ற துடிப்புக் கேட்கும். பஞ்சமத்தில் இவ்வேறுபாடு மிகச் சிறிது. காந்தாரத்தில் காது கண்டுபிடித்துவிடும். நல்ல தம்புராவின் ஷட்ஜத் தந்தியை மீட்டினாலே காந்தாரம் தானாக உள்ளே பேசும் என்பார்கள். அந்தக் காந்தாரம் இயற்கை விகிதத்தது. சமபங்குக் கட்டையில் பழகிய காதுக்கு அது தப்பாகத் தோன்றத் தொடங்கினால் என்ன செய்வது? தேர்ந்த செயலிகளில் இதைத் திருத்திக்கொள்ள வசதி உண்டு. அதைத் தேடித் திருத்துவதற்கு, எது சரி என்று அறிந்த காது முதலில் வேண்டும்.

விகிதம், கணக்கு என்றெல்லாம் பேசியவுடன் தமிழாசிரியனான எனக்கு ஒருவர் நினைவுக்கு வருகிறார். அவர் சுவாமி விபுலாநந்தர் (1892–1947). காரைதீவில் பிறந்து, விஞ்ஞானம் கற்று, யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் கற்பித்து, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராகவும் இருந்தவர். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியர். தமிழரிடம் இருந்து மறைந்தேபோன யாழ் என்ற வாத்தியத்தை அவர் நூல்களிலிருந்து மீட்டெடுக்க முனைந்தார். கையில் ஒரு யாழும் இல்லை. வாசித்துக் காட்ட ஒருவரும் இல்லை. சிலப்பதிகார அரங்கேற்று காதையும் அதன் உரைகளும், குரலுக்கு ஐந்தாவது இளி என்ற உறவும், எண்கணிதமும் அவருக்குத் துணை. வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என்று ஒவ்வொன்றையும் தந்தி அளவு, சுர விகிதம் என்பவற்றோடு ஆராய்ந்தார். அந்த யாழ் நூல் 1947 யூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதம் அவர் மறைந்தார். அவருக்கு முன்னர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917 இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரமும் சுருதிக் கணக்கை விரிவாக ஆராய்ந்த நூலே. கணினி பிறவாத காலத்தில், தாளிலும் பென்சிலிலும் இவர்கள் போட்ட கணக்கைத்தான் இன்று செயலி ஒரு நொடியில் போடுகிறது.

யாழ் நூல் நமக்குத் தரும் எச்சரிக்கை ஒன்றும் உண்டு. வாத்தியம் சாகும். மரமும் நரம்பும் கொண்ட யாழே மறைந்தது என்றால் மென்பொருள் வாத்தியத்தின் ஆயுள் எவ்வளவு? 2011 உடன் பாம் கருவிகளின் கதை முடிந்தது. அவற்றுக்கென்று எழுதிய இசை மென்பொருள்களும் அவற்றோடு மௌனமாயின. 2017 இல் அப்பிள் நிறுவனம் பழைய அமைப்பில் எழுதிய செயலிகளுக்கு ஆதரவை நிறுத்தியபோது, திருத்தி எழுதப்படாத எத்தனையோ இசைச் செயலிகள் புதிய அமைப்புக்கு மாறிய தொலைபேசிகளில் ஒரே இரவில் திறக்க மறுத்தன. யாழ் மறைய நூற்றாண்டுகள் எடுத்தன. இவற்றுக்குப் பத்து ஆண்டு போதுமாயிருந்தது. ஆனால் ஜிலே பின்னாளில் நல்ல காரியம் ஒன்று செய்தார். மியூற்றபிள் இன்ஸ்ற்ருமென்ற்ஸ் என்ற பெயரில் மின்னணு இசைக்கருவிகள் செய்தவர், அவற்றின் வரைபடத்தையும் நிரலையும் எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி பகிரங்கப்படுத்தினார். 2022 இல் அந்த நிறுவனம் மூடப்பட்ட பின்னரும் அவர் வடிவமைத்த கருவிகளைப் பிறர் செய்துகொண்டிருக்கிறார்கள். விபுலாநந்தர் செய்ததும் அதுதான்: செய்முறையை எழுதி வைத்தார்.

நமது ஒத்துக்கு, நமது கூத்துக்கு, நமது கடற்பாட்டுக்கு அப்படி எழுதி வைத்திருக்கிறோமா? ஊர்காவற்றுறையை அடுத்த மெலிஞ்சிமுனை நாட்டுக்கூத்துக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கே அண்ணாவியார் பாடும் மெட்டுகள் பியானோவின் பன்னிரண்டு கட்டைக்குள் அடங்க வேண்டிய கட்டாயம் இல்லை. வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டின் சுருதியை நிர்ணயிப்பது வலையின் பாரமும் இழுப்பவரின் மூச்சும். 1997 இல் வெளிவந்த ஒட்டோ ரியூன் என்ற மென்பொருள் பாடகரின் சுரம் விலகினால் பிடித்து இழுத்துக் கட்டத்துக்குள் நிறுத்தும். அத்தகைய வசதி இன்று தொலைபேசியிலேயே உண்டு. ஒரு முதிய மீனவர் பாடிய அம்பாவை இளைஞர் ஒருவர் ஆசையோடு பதிவுசெய்து, அழகுபடுத்துவதாக எண்ணி அதில் சுருதித் திருத்தியை ஓட்டினால், அந்தப் பாட்டில் கடலும் வலையும் இருந்ததற்கான தடயமே அழிந்துவிடும். பதிவு செய்யுங்கள், ஆனால் முதலில் பதிந்ததைத் திருத்தாமல் ஒரு பிரதி வையுங்கள் என்று என் மாணவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகவே.

சில ஆண்டுகளுக்கு முன் தமிழ்மொழித் தினப் போட்டி ஒன்றில் தீவகத்துச் சிறுமி ஒருத்தி பாடினாள். சுருதிக்குத் தாயின் தொலைபேசி. பாட்டின் நடுவில் அழைப்பு வந்தது, தம்புரா நின்றது, சபையில் சிலர் சிரித்தனர். பிள்ளை நிறுத்தவில்லை. அழைப்பு ஓய்ந்து தம்புரா மீண்டும் ஒலித்தபோது அவளுடைய ஷட்ஜம் அதனோடு பொருந்தியே நின்றது. பின்னர் அவளின் சங்கீத ஆசிரியையிடம் கேட்டேன். "முதல் ஒரு வருஷம் போனைத் தொட விடேல்லை சேர். துருத்திப் பெட்டியை அவளைக் கொண்டே போட வைச்சு, மற்றப் பிள்ளைகள் பாடுறதைக் கேட்கச் சொன்னனான்" என்றார்.

அந்த ஆசிரியை ஒத்துக்காரரின் வகுப்பறையைத் தன்னை அறியாமலே மீண்டும் திறந்திருக்கிறார் என்று எனக்குப் பட்டது. பழைய முறையை அப்படியே திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று நான் வாதாடவில்லை. கடைசிப் பந்தியில் கடைசிப் பங்கோடு ஒரு பையனை இரவெல்லாம் நிற்க வைத்த வழக்கம் திரும்ப வரவேண்டியதில்லை. ஆனால் பிறர் இசைக்கும்போது ஆதாரம் பிடித்தபடி கேட்டிருக்கும் காலம் ஒன்று ஒவ்வொரு மாணவனுக்கும் வேண்டும். கோயில்களில் மேளம் நடக்கும்போது, சுருதிப்பெட்டிக்குப் பக்கத்தில் மேளம் பழகும் பிள்ளை ஒன்றை இருத்தி, அதற்கும் ஒரு சம்பளம் வைத்தால் செலவு அதிகம் ஆகாது. தீவகத்தில் ஒத்து ஊதிய முதியவர் எவராவது இன்னும் இருப்பாராயின், அவர் மூச்சு மாற்றும் முறையையும் மெழுகு வைத்துச் சுருதி சேர்க்கும் முறையையும் அதே தொலைபேசியில் பதிந்து, எழுத்திலும் வைக்க வேண்டும். இந்த இரண்டையும் வரும் ஆனித் திருவிழாவுக்குள்ளேயே தொடங்கலாம்.